என்லார்ஜர் வெளிச்சம் மாறாமலும் சமமாகவும் வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடி அறையை இருட்டாக்கி, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய ஸ்டூடியோவை மூடும்போது விற்ற என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பேப்பர் மேல் பெரிதாக்கி விழவைக்கும் கருவியை, யாராவது வாங்கி வருவார்கள். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் வரும். கேள்வி பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றித்தான் இருக்கும். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிக்கொண்டு பதிலையும் போட்டுவிட்டேன். கணக்கெல்லாம் 35 மில்லிமீட்டர் நெகட்டிவ், 230 வோல்ட் லைன் என்று வைத்துப் போட்டது. உங்கள் நெகட்டிவ் வேறு சைஸ் என்றால் எண்கள் மாறும், விஷயம் மாறாது.

"லைட் சரியில்லை"ன்னு எல்லாரும் சொல்றாங்க. சரியில்லைன்னா என்ன அர்த்தம்?

இரண்டு வேறு வியாதிகளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஒன்று, வெளிச்சம் நேரத்துக்கு நேரம் மாறுவது. காலையில் போட்ட பிரிண்ட் ஒரு மாதிரி, ராத்திரி போட்டது வேறு மாதிரி வரும்; ஆனால் ஒவ்வொன்றும் முழுக்க ஒரே சீராக வெளுத்தோ கறுத்தோ இருக்கும். இன்னொன்று, இடத்துக்கு இடம் மாறுவது. நடுவில் சரியாக இருக்கும், மூலைகள் வெளிறும். எத்தனை தடவை போட்டாலும் அதே மூலை அப்படியே வெளிறும்.

முதல் வியாதி கரண்ட், பல்பு, வயர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது லென்ஸ், கண்டென்சர் (பல்பின் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்ணாடி வில்லை), பல்பு இருக்கும் இடம் சம்பந்தப்பட்டது. ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் மூலை வெளுப்பு போகாது. பல்பை எவ்வளவு நகர்த்தினாலும் லோ வோல்டேஜ் சரியாகாது. எது உங்கள் வியாதி என்று தெரியாமல் காசைச் செலவழிக்காதீர்கள். கீழே அடிக்கடி "ஸ்டாப்" என்று வரும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது, அல்லது பாதியாகக் குறைவது.

நேத்து 12 செகண்டுக்கு அருமையா வந்த பிரிண்ட், இன்னைக்கு அதே 12 செகண்டுக்கு வெளிறிப்போய் வருது. பேப்பர் கெட்டுப்போச்சா?

பேப்பரை விடுங்கள், முதலில் பிளக்கில் வோல்டேஜைப் பாருங்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைகிற அதே அளவில் குறைவதில்லை. ஏறக்குறைய வோல்டேஜின் 3.4 ஆம் படிக்கு ஏற்ப மாறுகிறது. 230 இருக்கவேண்டிய இடத்தில் 218 இருந்தால், அதாவது 5 சதவீதம் குறைந்தால், வெளிச்சம் 16 சதவீதம் போய்விடும். 207-க்கு இறங்கினால் 30 சதவீதம் காலி, அது அரை ஸ்டாப். சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடுகிற நேரத்தில் 207 ஒன்றும் அதிசயம் இல்லை.

இதில் இன்னொரு உள்குத்து இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் இழையின் சூடு குறைந்து வெளிச்சம் மஞ்சளாகும். பிரிண்ட் பேப்பருக்கு நீலம்தான் முக்கியம், மஞ்சளும் சிவப்பும் அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணுக்கு 16 சதவீதம் குறைந்ததாகப் படும்போது பேப்பருக்கு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டெவலப்பர் களைத்துப்போனாலோ ஆறிப்போனாலோ இதே மாதிரிதான் வெளிறும். புது டெவலப்பர், 20 டிகிரி, பேப்பர் கவரில் போட்ட முழு நேரம், இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் பழியைக் கரண்ட் மேல் போடலாம்.

வோல்டேஜ் எவ்வளவு ஆடினா பரவாயில்லை?

ஒரு சதவீதம் ஆடினால் வெளிச்சம் மூன்றரை சதவீதம் ஆடும், அது யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டு சதவீதம் என்றால் பத்தில் ஒரு ஸ்டாப். சாதாரண இரண்டாம் கிரேடு (கிரேடு என்றால் பேப்பரின் கான்ட்ராஸ்ட் எண்) பேப்பரில் இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். நாலு, அஞ்சாம் கிரேடில் உடனே தெரியும். கறுப்பு வெள்ளைக்குக் கூட்டியோ குறைத்தோ ஒரு சதவீதத்துக்குள் நின்றால் போதும். கலர் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு வெளிச்சத்தின் நிறமும் ஆடக்கூடாது. 5 சதவீத வோல்டேஜ் போனாலே 3000 கெல்வின் பல்பு 2940 பக்கம் வந்துவிடும், ஃபில்டர் கணக்கை மறுபடி போடவேண்டும்.

ஃபிரிட்ஜுக்கு வாங்கின ஸ்டெபிலைசர் சும்மா கிடக்கு. அதுல போடலாமா?

வேண்டாம். அதனுள் இருப்பது பல டேப் எடுத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சில ரிலேக்களும். லைன் கீழே போனால் ரிலே "டக்" என்று அடுத்த டேப்புக்கு மாறும். ஃபிரிட்ஜ் எரியாமல் காப்பாற்ற அது போதும், வெளிச்சத்தை ஒரே அளவில் பிடித்துவைக்க அது செய்யப்பட்டதே இல்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் வோல்டேஜ் ஒரே தாவாகத் தாவும். 12 செகண்ட் எக்ஸ்போஷரில் ஏழாவது செகண்டில் அந்த "டக்" கேட்டால் அந்தப் பேப்பர் குப்பைக்குத்தான். மெதுவாக இறங்கும் லைனை அப்படியே விட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

அப்போ எதைத்தான் வாங்குறது?

இன்றைய நிலையில் எனக்குப் பிடித்தது ஆன்லைன் யூபிஎஸ். வருகிற கரண்டை முழுக்க டிசியாக்கி, அதிலிருந்து புதிதாக ஏசி கரண்ட் செய்து கொடுக்கும் வகை. லைன் எப்படி ஆடினாலும் வெளியே பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். கம்ப்யூட்டர் கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் இது இல்லை. அதனுள் மேலே சொன்ன அதே ரிலே சமாச்சாரம்தான் உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது "டபுள் கன்வர்ஷன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஆட்கள் வைத்திருந்தது சிவிடி எனப்படும் கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர். கனமானது, சூடாகும், ராத்திரி முழுக்க "உம்ம்" என்று முனகும், ஆனால் உடனடியாகத் திருத்தும். ஓடுகிற பாகம் எதுவும் இல்லாததால் பல வருடம் உழைக்கும். நல்ல நிலையில் சல்லிசாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதன் பலவீனம், ஃப்ரீக்வென்சி ஆடினால் வெளி வோல்டேஜும் ஆடும். ஜெனரேட்டரில் ஓடும்போது நம்பவேண்டாம். சர்வோ ஸ்டெபிலைசரும் துல்லியமானதுதான். ஆனால் மோட்டார் சுழன்று திருத்துவதால் திடீர் இறக்கத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் அடுத்த பதிலைப் படித்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் போட்டும் பல்பு லேசா மினுக்குது. என்னண்ணா இது?

லூஸ் காண்டாக்ட். நான் இரண்டு மாதம் இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன். டெவலப்பரை மாற்றினேன், பேப்பரை மாற்றினேன், டைமரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ஒரு நாள் ஃபோகஸ் பார்க்க ஹெட்டை (பல்பு இருக்கும் தலைப்பகுதியை) ஏற்றும்போது, வயர் கொஞ்சம் இழுபட்டதும் ஈசலில், அதாவது பேப்பரை வைக்கும் பலகையில், வெளிச்சம் ஒரு கணம் மங்கி மீண்டது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பல்பைக் கழற்றிப் பார்த்தால் ஹோல்டரின் நடுவில் இருக்கும் பித்தளை நாக்கு கன்னங்கரேல் என்று இருந்தது. சூட்டில் அதன் ஸ்ப்ரிங் விறைப்பு போய், பல்பின் ஈயப் பொட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. பொட்டிலும் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

நைஸ் உப்புத்தாளில் நாக்கைத் தேய்த்து, ஒரு மில்லிமீட்டர் மேலே நிமிர்த்தி, புதுப் பல்பு போட்டதும் சரியாகிவிட்டது. செலவு பல்பு விலை மட்டும். நாக்கு ரொம்பத் தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். அது சூடு தாங்கும் பீங்கான் ஹோல்டராக இருக்கட்டும். அப்புறம் ஹெட்டுக்குள் நுழையும் வயர், டைமரின் சாக்கெட், சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் அனுபவத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் முதல் குற்றவாளி. என்லார்ஜரை நேராகச் சுவரில் மாட்டுங்கள். ஃபிரிட்ஜும் மோட்டாரும் இல்லாத சர்க்யூட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

என்னோடது கலர் ஹெட், 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன். இதுக்கும் அதே கதையா?

இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதே கதைதான். லைனில் 5 சதவீதம் போனால் பல்பிலும் 5 சதவீதம் போகும். ஆனால் உங்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக 12 வோல்ட் ரெகுலேட்டட் எஸ்எம்பிஎஸ் (எலக்ட்ரானிக் பவர் சப்ளை) ஒன்றைப் போட்டால் லைன் எப்படி ஆடினாலும் பல்புக்குத் தெரியாது. பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதோடு குளிர்ந்த இழையின் ரெசிஸ்டன்ஸ் சூடான இழையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; ஸ்விட்ச் போட்ட கணத்தில் சப்ளை அதைத் தாங்கமுடியாமல் அணைந்து அணைந்து எரியலாம். 100 வாட் பல்புக்கு 150 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளையாகப் பார்த்து வாங்குங்கள்.

வயர் கனம் முக்கியம். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு மீட்டர் போய் வருவதற்குள் 0.4 வோல்ட் தின்றுவிடும். 230-ல் அது ஒன்றுமே இல்லை, 12-ல் அது 3 சதவீதத்துக்கு மேல். இது நிலையான இழப்பு என்பதால் பிரிண்ட்டை ஆட்டாது. ஆனால் அதே அளவு இழப்பு ஒரு தளர்ந்த காண்டாக்டில் நடந்தால் அது தினமும் மாறும். ஹாலோஜன் பல்பின் பின் மாட்டும் பீங்கான் சாக்கெட் சீக்கிரம் கருகும், பல்பு மாற்றும்போதெல்லாம் அதையும் பாருங்கள். கண்ணாடியை விரலால் தொடவேண்டாம், துணியால் பிடியுங்கள். மெயின்ஸ் வயரிங் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தும் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சம் ரொம்ப அதிகமா இருக்கு. டிம்மர் போட்டுக் குறைச்சுக்கலாமா?

லென்ஸை இன்னும் மூடுங்கள், அதாவது அதன் துவாரத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் போடுங்கள். டிம்மர் வேண்டாம். காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்: வோல்டேஜ் குறைந்தால் நிறம் மஞ்சளாகும். ஃபில்டரை மாற்றிக் கிரேடை மாற்றிக்கொள்ளும் மல்டிகிரேட் பேப்பரின் கான்ட்ராஸ்ட் நீலமும் பச்சையும் என்ன விகிதத்தில் விழுகின்றன என்பதை வைத்தே நிர்ணயமாகிறது. டிம்மர் குமிழைத் திருப்பினால் எக்ஸ்போஷரோடு கிரேடும் நகர்ந்துவிடும். ஹாலோஜன் பல்புக்கு இன்னொரு தொல்லை: கண்ணாடி போதுமான அளவு சூடாக இல்லாவிட்டால், ஆவியான டங்ஸ்டன் இழைக்குத் திரும்பாமல் கண்ணாடியிலேயே கறுப்பாகப் படியும்.

டெஸ்ட் ஸ்ட்ரிப்ல 2 செகண்ட் வீதம் ஆறு தடவை கொடுத்தப்ப 12 சரியா இருந்துச்சு. ஒரே மூச்சா 12 கொடுத்தா கறுப்பா வருதே?

நல்ல கேள்வி, இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. டெஸ்ட் ஸ்ட்ரிப் என்பது ஒரே பேப்பர் துண்டில் பல நேரங்களைக் கொடுத்துப் பார்ப்பது. பல்பு ஸ்விட்ச் போட்டதும் முழு வெளிச்சத்துக்கு வந்துவிடாது. இழை சூடேற ஒரு செகண்டில் சில பங்கு நேரம் எடுக்கும். இழை தடிமனாக ஆக நேரம் கூடும். அணைக்கும்போது மிச்சச் சூட்டில் கொஞ்சம் எரியும். ஆனால் அந்த மிச்ச வெளிச்சம் செம்மஞ்சள், பேப்பருக்கு அது பெரிதாக உறைக்காது. ஆக ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நஷ்டம். ஆறு தடவை எரித்தால் ஆறு நஷ்டம், ஒரே தடவை எரித்தால் ஒரு நஷ்டம். அதனால்தான் நேரான 12 கறுக்கிறது. துண்டு துண்டாகக் கொடுக்கும் எக்ஸ்போஷருக்குப் பேப்பரே கொஞ்சம் குறைவாகப் பதில் சொல்லும் குணமும் இதோடு சேரும்.

பல்பை எரியவிட்டு, அட்டையை மட்டும் 2 செகண்டுக்கு ஒரு தடவை நகர்த்துங்கள். இல்லையென்றால் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக 6, 8, 11, 16 என்று முழு எக்ஸ்போஷர் கொடுங்கள். மொத்த நேரம் 10 செகண்டுக்குக் குறையாமல் வருகிற மாதிரி லென்ஸை மூடிக்கொண்டால் இந்த நஷ்டம் ஒரு பொருட்டாகவே இருக்காது. 3 செகண்ட் எக்ஸ்போஷரில் இரண்டு பிரிண்ட் ஒரே மாதிரி வரவில்லை என்று சொன்னால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

சரி, சமமா விழுதான்னு எப்படிப் பாக்குறது? ஈசல்ல பாத்தா எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரியுது.

கண்ணை நம்பவே கூடாது. மெதுவாக மங்கிக்கொண்டே போகிற வெளிச்சத்தைச் சமமாக எடுத்துக்கொள்வது கண்ணின் பழக்கம். கால் ஸ்டாப் வித்தியாசம் ஈசலில் தெரியாது, பேப்பரில் பல்லிளிக்கும்.

நெகட்டிவை ஃபோகஸ் செய்யுங்கள். நெகட்டிவைப் பிடித்திருக்கும் கேரியரை அதே இடத்தில் விட்டு நெகட்டிவை மட்டும் எடுத்துவிடுங்கள். லென்ஸ் துவாரத்தை எஃப் 8-ல் வையுங்கள். ஒரு முழுத் தாளை நடுத்தரச் சாம்பல் வருகிற மாதிரி எக்ஸ்போஸ் செய்து, முழு நேரம் விடாமல் ஆட்டி டெவலப் செய்யுங்கள். கறுப்பாகிவிட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது, சாம்பல்தான் காட்டிக்கொடுக்கும். நாலாம் அல்லது அஞ்சாம் கிரேடில் போட்டால் குறை பெரிதாகத் தெரியும். எக்ஸ்போஸ் செய்யும் முன் தாளின் பின்புறம் "மேல்" என்று பென்சிலில் எழுதிவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காய்ந்தபின் ஒரு மூலையை வெட்டி நடுவில் வைத்துப் பாருங்கள். தள்ளி இருந்தபோது ஒரே சாம்பலாகத் தெரிந்த இரண்டும், ஒட்டி வைத்ததும் விளிம்பில் கோடு கிழித்த மாதிரிப் பிரியும். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

போன்ல லக்ஸ் ஆப் போட்டு அளக்கலாமா?

தோராயத்துக்குச் சரி. மூலையில் வெளிச்சம் சாய்ந்து விழும், போனின் சென்சார் கண்ணாடிக்குக் கீழே குழிக்குள் இருக்கும். அதனால் சாய்ந்த வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டி, மூலை உண்மையில் இருப்பதைவிட மோசம் என்று சொல்லும்.

கைவேலை தெரிந்தவர்கள் பிபிடபிள்யூ 34 என்ற போட்டோடையோடை வாங்கி, குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து அளக்கலாம். வெளிச்சம் பாதியானால் அளவும் பாதியாகும், அவ்வளவு நேர்மையானது. எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்) அப்படியில்லை, மந்தமும்கூட. ஒரு விஷயம்: இந்த டையோடுக்கு அகச்சிவப்பு ரொம்பப் பிடிக்கும். இடத்துக்கு இடம் ஒப்பிட அது தடையில்லை. ஆனால் வோல்டேஜ் குறைவதால் பேப்பருக்கு எவ்வளவு நஷ்டம் என்று இதில் அளந்தால் குறைத்துத்தான் காட்டும்.

நாலு மூலையும் வெளிறி, நடு மட்டும் கறுப்பா இருக்கு. பல்பு மாத்தணுமா?

நாலு மூலையும் ஒரே அளவு வெளிறினால் முதல் சந்தேகம் லென்ஸ் மேல். லென்ஸ் முழுக்கத் திறந்திருந்தால் அதன் குழலே மூலைக் கதிர்களை மறைக்கும். இரண்டு ஸ்டாப் மூடினால் இந்தப் பகுதி போய்விடும். மூடியும் போகாத பகுதி, கோணத்தின் கோசைனை நான்காம் படிக்கு உயர்த்துகிற பழைய விதி. மூலைக்குப் போகும் கதிர் சாய்வாகவும் அதிக தூரமும் போவதால் அது இளைத்துத்தான் போய்ச் சேரும். எந்த விலை லென்ஸும் பொதுவாக இதற்குத் தப்பமுடியாது.

எண்ணில் பார்த்தால் இப்படி. 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 50 மில்லிமீட்டர் லென்ஸில் 8 மடங்கு, அதாவது ஏறக்குறைய 8-க்கு 12 இன்ச், பெரிதாக்கினால் லென்ஸிலிருந்து நெகட்டிவ் 56 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். மூலைக்கோணம் 21 டிகிரி, வெளிச்ச நஷ்டம் 24 சதவீதம், கிட்டத்தட்ட 0.4 ஸ்டாப். அதே வேலையை 80 மில்லிமீட்டர் லென்ஸில் செய்தால் கோணம் 13.5 டிகிரிக்கு இறங்கி நஷ்டம் 11 சதவீதம்தான். ஆனால் நெகட்டிவிலிருந்து பேப்பர் வரை 51 சென்டிமீட்டர் இருந்தது 81 ஆகிவிடும். கம்பம் உயரமாக இருந்தால்தான் முடியும். 6-க்கு 6 சென்டிமீட்டர் நெகட்டிவ் எடுக்கும் என்லார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு 80 எப்படியும் வீட்டில் இருக்கும், ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கண்டென்சர் ஹெட் என்றால் கண்டென்சரையும் அந்த லென்ஸுக்கு ஏற்ற நிலையில் வைக்கவேண்டும்.

கண்டென்சர் என்லார்ஜர்ல பல்பை எந்த உயரத்துல வைக்கணும்? கம்பி மேலயும் கீழயும் போகுது.

கண்டென்சரின் வேலை பல்பின் உருவத்தை லென்ஸின் வாய்க்குள் கொண்டுபோய் விழவைப்பது. உருவம் அங்கே சரியாக விழுந்தால் நெகட்டிவின் எல்லா இடத்துக்கும் ஒரே பங்கு கிடைக்கும். முன்னாலோ பின்னாலோ விழுந்தால் மூலையில் நிழல், சில சமயம் நிழலின் ஓரத்தில் நீலம் அல்லது ஆரஞ்சுச் சாயம் தெரியும். நீங்கள் சொல்லும் கம்பி அதற்குத்தான்.

மேலே சொன்ன மாதிரி ஃபோகஸ் செய்து நெகட்டிவை எடுத்துவிட்டு, எஃப் 8-ல் வெள்ளைத்தாள் மேல் வெளிச்சத்தை விழவிடுங்கள். கம்பியின் திருகைத் தளர்த்தி, பல்பை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். ஒரு இடத்தில் மூலைகள் கறுக்கும், இன்னொரு இடத்தில் நடுவில் ஒரு மந்தம் தெரியும். இரண்டுக்கும் நடுவே வட்டம் மறைந்து தாள் ஒன்றுபோல் ஆகும் இடம் வரும். அங்கே இறுக்கி, சாம்பல் தாள் ஒன்று போட்டு உறுதி செய்யுங்கள். பல்பும் ஹெட்டும் சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் சைஸை ரொம்ப மாற்றினால் லென்ஸ் நகரும், அதோடு இந்த இடமும் நகரும். உருண்டையான பால் வெள்ளைப் பல்பு இதைப் பொறுத்துக்கொள்ளும், அதற்காகவே பெரிதாகச் செய்திருக்கிறார்கள். பால் பல்பு கிடைக்கவில்லை என்று கடையில் கிடைத்த தெளிவான கண்ணாடிப் பல்பைப் போட்டால் இழையின் உருவமே வந்து நிற்கும். பிராண்டு எழுத்து நெற்றியில் அச்சடித்த பல்பும் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் வெளிறுது. மத்த பக்கம் நல்லா இருக்கு.

பல்பு பக்கவாட்டில் விலகியிருக்கிறது, அல்லது ஃபில்டர் டிராயர் முழுக்க உள்ளே போகாமல் ஒரு ஓரத்தை மறைக்கிறது. என்னிடம் வந்த ஒரு என்லார்ஜரில் சூடு தாங்கும் கண்ணாடி சரிந்து கிடந்தது. ஹெட்டும் ஈசலும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டாலும் ஒரு பக்கம் மாறும். அப்போது ஃபோகஸும் அந்தப் பக்கம் போயிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு பக்கம் கூடுதலாகக் கறுத்தால் சுவரைப் பாருங்கள். ஹெட்டின் இடுக்கில் கசியும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுப் பேப்பர் மேல் விழும். லென்ஸ் வழியாக வெளிச்சமே வராதபடி அதை அடைத்துவிட்டு, பேப்பர் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, பல்பை ஒரு நிமிடம் எரியவிட்டு டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் கசிவு அல்லது சேஃப்லைட் (இருட்டறையில் எரியவிடும் மங்கல் விளக்கு). சேஃப்லைட்டை அணைத்துவிட்டு இன்னொரு தடவை செய்தால் எது என்று பிரிந்துவிடும். என்லார்ஜருக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பது ஒரு மணி நேர வேலை.

டிஃப்யூசர் ஹெட்தான் சமமா இருக்கும், அதையே வாங்குன்னு சொல்றாங்களே?

சமமாக்குவது அதில் சுலபம், பல்பின் இடத்தைத் தேடவேண்டியதில்லை. வெளிச்சம் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் அங்கும் இங்கும் பட்டுக் கலந்து, பால் அக்ரிலிக் வழியாக வரும். பெட்டி தெர்மோகோல் போன்ற பொருளில் இருந்தால் வருடக்கணக்கில் மஞ்சளாகும், ஓரம் பொரியும். அதனுள் எட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 35-க்கு உரிய பெட்டியில் 6-க்கு 6 நெகட்டிவ் போட்டால் மூலை போகும். 6-க்கு 6 பெட்டியில் 35 போட்டால் சமமாகவே இருக்கும், வெளிச்சம்தான் வீணாகும்.

கோசைன் நஷ்டம் மட்டும் இங்கும் அப்படியேதான் இருக்கும், அது லென்ஸ் சமாச்சாரம். இன்னொன்று, வெள்ளித் துகள் உள்ள கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கண்டென்சரில் கூடுதல் கான்ட்ராஸ்ட் காட்டும். பெல்ஜியத்தின் ஆந்த்ரே காலியே 1909-ல் விளக்கியதால் காலியே விளைவு என்றே இதற்குப் பெயர். ஹெட்டை மாற்றினால் ஏறக்குறைய ஒரு கிரேடு கடினமான பேப்பருக்குப் போகவேண்டி வரும். தூசியும் கீறலும் அடங்கித் தெரிவது இலவச லாபம்.

வீட்டு எல்இடி பல்பைப் போட்டா வோல்டேஜ் தொல்லையே தீர்ந்திடும்ல?

டிரைவர் நல்லதாக இருந்தால் அந்தத் தொல்லை தீரும், உண்மைதான். வேறு மூன்று வரும். சில பல்புகள் ஸ்விட்ச் போட்டு அரை செகண்ட் கழித்துத்தான் எரியும். சில அணைத்தபின்னும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். இருட்டில் ஒரு நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, அணைத்த பல்பைப் பாருங்கள், மங்கல் வெளிச்சம் தெரிந்தால் அது என்லார்ஜருக்கு ஆகாது. அப்புறம், வீட்டு எல்இடி பெரும்பாலும் முன்பக்கம்தான் அடிக்கும். பழைய பால் பல்பு சுற்றிலும் பரப்பியதை நம்பிச் செய்த கண்டென்சரில் இது நடுவில் குவியலாம்.

மூன்றாவது நிறம். வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் நீலத்தில் ஒரு உச்சி, 480 பக்கம் ஒரு பள்ளம், அப்புறம் மஞ்சள் மேடு. மல்டிகிரேட் ஃபில்டரில் எழுதியிருக்கும் கிரேடு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளமுடியாது. நீங்களே டெஸ்ட் போட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கவேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இருந்தால் எல்இடி நல்ல வழி, சூடும் இல்லை.

கோல்டு லைட் ஹெட் ஒண்ணு கிடைச்சிருக்கு. முதல் பிரிண்ட் வெளுப்பு, பத்தாவது கறுப்பு.

உள்ளே இருப்பது வளைத்த ஃப்ளூரசென்ட் குழாய். சூடேற ஏற வெளிச்சம் மாறும். அமெரிக்காவில் ஃப்ரெட் பிக்கரின் ஸோன் சிக்ஸ் கம்பெனி, குழாயின் வெளிச்சத்தைப் போட்டோசெல்லால் பார்த்துத் திருத்துகிற கருவியையே இதற்காக விற்றது. அது இல்லையென்றால், குழாயை அணைக்காமல் எரியவிட்டு எக்ஸ்போஷரை லென்ஸுக்குக் கீழே அட்டையால் கொடுங்கள்.

எல்லாம் பண்ணியாச்சு. சாம்பல் டெஸ்ட்ல மூலை இன்னும் கொஞ்சம் வெளுப்பு. ஆனா நெகட்டிவ் வச்சுப் போட்டா தெரியவே இல்லையே, எதை நம்புறது?

இரண்டையும் நம்புங்கள். கேமரா லென்ஸும் மூலைக்குக் குறைந்த வெளிச்சம்தான் கொடுத்திருக்கும். அதனால் நெகட்டிவின் மூலை மெலிந்திருக்கும், மெலிந்த இடம் பிரிண்ட்டில் கறுக்கும். என்லார்ஜர் லென்ஸ் அதே மூலையை வெளுக்கவைக்கிறது. ஒன்று கறுப்பது, ஒன்று வெளுப்பது, இரண்டும் கழிந்துவிடுகின்றன. இத்தனை பேர் இத்தனை வருடம் இந்தக் குறையைக் கவனிக்காமலே பிரிண்ட் போட்டதற்குக் காரணம் இதுதான். வைட் ஆங்கிள் படங்களில் நன்றாகக் கழியும். டெலி லென்ஸில் எடுத்த வெறும் வானத்திலும், சமமாக லைட் போட்டு எடுத்த காப்பி நெகட்டிவிலும் கழியாமல் மாட்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டிக்கிட்டா மூலையை எப்படிச் சரி பண்றது?

கையால்தான் முதலில். நடுவுக்கு 12 செகண்ட் என்றால், 24 சதவீதம் இழந்த மூலைக்கு மொத்தம் 16 வேண்டும். நடுவை ஒரு வட்ட அட்டையால் மறைத்து, அட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டே 4 செகண்ட் எரியுங்கள்.

நிறைய பிரிண்ட் என்றால் டிரேசிங் பேப்பரில் மூன்று வட்டங்கள் வெட்டி, சிறியது மேலே வருகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, டிஃப்யூசருக்கு மேல் நடுவில் வையுங்கள். நெகட்டிவிலிருந்து நன்றாகத் தள்ளி இருந்தால் வட்டத்தின் ஓரம் தெரியாது. சாம்பல் தாள் போட்டுப் பார்த்து வட்டத்தின் அளவை மாற்றுங்கள். எனக்கு ஐந்து தாள் செலவானது. லென்ஸையோ பிரிண்ட் சைஸையோ மாற்றினால் புதிதாக வெட்டவேண்டும். கண்டென்சர் ஹெட்டில் இது சரிப்பட்டு வராது.

பேப்பரை 180 டிகிரி திருப்பிப் போட்டேன். வெளுத்த மூலையும் பேப்பரோட சேர்ந்து திரும்பிடுச்சு!

பின்னால் "மேல்" என்று எழுதச் சொன்னது இதற்குத்தான். என்லார்ஜர் குறை ஈசலோடு நிற்கும், பேப்பரோடு திரும்பாது. ஒவ்வொரு தடவையும் அதே மூலையைப் பிடித்துத் தாளை டிரேயில் இறக்குகிறீர்கள், அந்த மூலை கடைசியாக நனைகிறது. ஒரே வீச்சில் முழுத்தாளும் மூழ்குகிற மாதிரி இறக்கி, முதல் அரை நிமிடம் டிரேயின் நாலு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆட்டுங்கள். டெவலப்பர் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும்.